ஒரே தேடல் பெட்டியில் பொருள் விலையும் பங்குக் கணிப்பும்: எதை நம்பலாம்?

வடகாற்று

எனக்குத் தெரிந்த சிலர் சேர்ந்து ஒரு தேடுபொறி உருவாக்குகிறார்கள். பொருளின் பெயரைத் தட்டச்சு செய்தால், எந்த இணையக் கடையில் என்ன விலை என்று முதலில் வரும். பக்கத்திலேயே, அடுத்த ஒரு வாரத்தில் அந்த விலை ஏறுமா இறங்குமா என்ற கணிப்பு. அதற்கும் கீழே, அந்தப் பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் பங்குச் சந்தையில் இருந்தால், அடுத்த மூன்று மாதங்களில் அதன் பங்கு எப்படிப் போகும் என்று இன்னொரு கணிப்பு. நிரல் எழுத என்னையும் அழைத்திருக்கிறார்கள். பதில் சொல்லும் முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

இந்த யோசனை என்னை ஈர்க்கிறது. கருத்துக் கணிப்புக்கு வருபவரிடம் எல்லோரும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்வார்கள். தேடல் பெட்டியின் முன் அப்படி யாரும் நடிப்பதில்லை. என்ன வேண்டுமோ அதைத்தான் கேட்கிறார்கள். கூகுளின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஹால் வேரியன், ஹியுன்யங் சோயுடன் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், தேடல் அளவுகளைச் சேர்த்துக்கொண்டால் கார் விற்பனை, சுற்றுலா போன்றவற்றின் மதிப்பீடு மேம்படுகிறது என்று காட்டினார். 2013இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் சேவையை வைத்துப் பங்குச் சந்தையில் 326 சதவீதம் லாபம் ஈட்டியிருக்கலாம் என்று பிரைஸ், மோட், ஸ்டான்லி ஆகிய மூவர் எழுதினார்கள். இவ்வளவு இருக்கும்போது, வணிகத் தேடலையும் முதலீட்டுக் கணிப்பையும் ஒன்றாகச் சேர்ப்பதில் என்ன தவறு?

கணக்குப்பிள்ளை

வடகாற்று, இரண்டு கணிப்புகளையும் முதலில் பிரித்து வையுங்கள். பொருளின் விலையைக் கணிப்பது ஒரு வேலை, பங்கின் விலையைக் கணிப்பது முற்றிலும் வேறு வேலை. முதலாவதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓரன் எட்சியோனியும் அவருடைய குழுவினரும் 2003இல் விமானக் கட்டணத்தை எடுத்துக்கொண்டார்கள். 41 நாட்களில் 12,000க்கும் அதிகமான கட்டணப் பதிவுகளைத் திரட்டி, ‘இன்றே வாங்கு’, ‘பொறுத்திரு’ என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லும் நிரலை எழுதினார்கள். அதிலிருந்து ஃபேர்காஸ்ட் என்ற நிறுவனம் பிறந்தது. கட்டணம் ஏறும் அல்லது இறங்கும் என்று காட்டும் ஓர் அம்புக்குறி, அதை எவ்வளவு உறுதியோடு சொல்கிறோம் என்று பக்கத்தில் ஒரு சதவீதம். 2008இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி, பிங் தேடுபொறியின் பயணப் பகுதியில் சேர்த்தது. 2014இல் கைவிட்டார்கள். எட்சியோனி இடையில் டிசைட் என்ற இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கி, தொலைக்காட்சி, கேமரா, மடிக்கணினி ஆகியவற்றின் விலைக்கும் இதையே செய்தார். 2013இல் ஈபே அதை வாங்கியது; அந்த மாதமே பொதுமக்களுக்கான சேவை நின்றது.

விமானக் கட்டணத்தைக் கணிக்க முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதை நிர்ணயிப்பவை ஒருசில நிறுவனங்கள்தான். அவற்றின் மென்பொருள் சில விதிகளின்படி இயங்குகிறது: புறப்படும் நாளுக்கு இன்னும் எத்தனை நாள், எத்தனை இருக்கைகள் மீதம், போட்டி நிறுவனம் என்ன விலை வைத்திருக்கிறது. அந்த விதிகளை வெளியிலிருந்து ஊகித்தால் போதும். மின்னணுப் பொருட்களிலும் அப்படியே. புதிய மாதிரி வந்தால் பழையது விலை குறையும். நீங்கள் ஒரு டிக்கெட்டை நான்கு நாள் தாமதித்து வாங்குவதால் கட்டணம் அசைந்துவிடாது.

பங்கில் இந்த வசதிகளில் ஒன்றும் கிடையாது.

இளவேனில்

ஐயா, நான் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறேன். பங்கில் ஏன் அது கிடையாது என்று கொஞ்சம் விளக்க முடியுமா? நிறுவனத்தின் பொருள் நன்றாக விற்றால் லாபம் கூடும், லாபம் கூடினால் பங்கு ஏறும் என்றுதானே பாடத்தில் வருகிறது?

கணக்குப்பிள்ளை

ஏறும் அம்மா, எதிர்பார்த்ததைவிட நன்றாக விற்றிருந்தால். அந்த நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நிறுவனத்தின் விற்பனை 20 சதவீதம் கூடும் என்று சந்தை ஏற்கெனவே நம்பினால், இன்றைய பங்கு விலைக்குள் அந்த 20 சதவீதம் உட்கார்ந்துவிட்டது. காலாண்டு முடிவில் 15 சதவீதம் என்று வந்தால், விற்பனை கூடிய நிறுவனத்தின் பங்கு அன்றே சரியும். ஆகவே தேடல் அளவு எவ்வளவு கூடியது என்று தெரிந்தால் மட்டும் போதாது. மற்றவர்கள் எவ்வளவு எதிர்பார்த்திருந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். அதைத் தேடுபொறி அளப்பதில்லை.

இன்னொன்று. எல்லோர் திரையிலும் ஒரே நேரத்தில் ‘இது ஏறும்’ என்று வந்தால், பார்த்தவர்கள் உடனே வாங்குவார்கள், விலை அப்போதே ஏறிவிடும், பிறகு வருபவருக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. சான்ஃபோர்ட் கிராஸ்மன், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் இருவரும் 1980இல் எழுதிய கட்டுரை இந்த முடிச்சைப் பற்றியதுதான்: எல்லாத் தகவலும் விலைக்குள் வந்துவிடும் என்றால், செலவு செய்து தகவல் திரட்ட யாருக்கும் காரணம் இருக்காது. திரட்டுகிறவருக்கு ஏதாவது ஆதாயம் மிஞ்ச வேண்டும். இலவசமாக எல்லோருக்கும் காட்டப்படும் கணிப்பில் அந்த ஆதாயம் யாருக்கு மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

செந்தூரம்

புள்ளியியல் கற்பிப்பவள் என்ற முறையில் அந்த 326 சதவீதத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். அந்த எண்ணைக் காட்டி எத்தனை பேர் ஏமாற்றப்படுகிறார்கள் என்று பார்க்கும்போது வயிறு எரிகிறது. எழுதிய மூவர் மீது எனக்குக் குறை இல்லை. செய்ததை மறைக்காமல் எழுதினார்கள். அதை எடுத்து விளம்பரமாக்குகிறவர்கள்தான் என் கோபத்துக்கு உரியவர்கள்.

ஆய்வில் இருந்த விதி மிக எளிது. ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் அது தேடப்பட்ட அளவு, முந்தைய மூன்று வாரங்களின் சராசரியைவிடக் கூடுதலா? கூடுதல் என்றால் அடுத்த வாரத் தொடக்கத்தில் டௌ ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீட்டை விற்றுவிட்டு, அதற்கடுத்த வாரத் தொடக்கத்தில் திரும்ப வாங்குங்கள். குறைவு என்றால் நேர்மாறாகச் செய்யுங்கள். 2004 முதல் 2011 வரை இப்படி ஓட்டிப் பார்த்தார்கள். ‘கடன்’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லுக்கு 326 சதவீதம் வந்தது. ஒன்றும் செய்யாமல் குறியீட்டை வாங்கி வைத்திருந்தால் 16 சதவீதம்.

இப்போது கவனியுங்கள். சோதித்த சொற்கள் மொத்தம் 98. அவற்றில் முதலிடம் பிடித்த சொல்லின் லாபம்தான் 326. எந்தச் சொல் முதலிடம் பிடிக்கும் என்று 2004இல் யாருக்குத் தெரியும்? எதுவும் அறியாத 98 பேரை ஒவ்வொரு வாரமும் நாணயம் சுண்டச் சொல்லி, அதன்படி வாங்கவும் விற்கவும் வைத்தாலும், ஏழு ஆண்டு முடிவில் ஒருவர் பெரிய லாபத்தோடு நிற்பார். அவரை மேடையேற்றி அவருடைய முறையைப் பாடமாக எழுதினால் எப்படி இருக்கும்? போதாக்குறைக்கு இடையில் 2008 நிதி நெருக்கடி வருகிறது. உலகமே கடனைப் பற்றித் தேடிக்கொண்டிருந்த காலம், சந்தை சரிந்துகொண்டிருந்த காலம். அந்த ஒரு சரிவில் சரியான பக்கம் நின்ற எந்த விதியும் ஏழாண்டுக் கணக்கில் பிரமாதமாகத் தெரியும். வாரந்தோறும் வாங்கி விற்பதற்கான தரகுச் செலவும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

பழைய தரவில் ஓட்டிப் பார்த்து வரும் லாபத்தை யார் காட்டினாலும் முதலில் கேளுங்கள்: இதைக் கண்டுபிடிக்கும் முன் எத்தனை விதிகளைச் சோதித்துத் தூக்கி எறிந்தீர்கள்? பதில் வராவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

வடகாற்று

செந்தூரம் அக்கா, அந்த ஒரு ஆய்வை விட்டுவிடுவோம். தா, எங்கல்பெர்க், காவோ என்ற மூன்று ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டதை என்ன சொல்வீர்கள்? ரஸல் 3000 என்ற அமெரிக்கக் குறியீட்டில் உள்ள பங்குகளை எடுத்து, ஒரு பங்கைச் சந்தையில் குறிக்கும் சுருக்கெழுத்து அதிகமாகத் தேடப்பட்டால் அடுத்த இரண்டு வாரங்களில் விலை ஏறுகிறது என்று காட்டினார்கள். அங்கே 98இல் ஒன்றைப் பொறுக்கி எடுக்கும் வேலை இல்லை.

செந்தூரம்

நல்ல ஆய்வு, நானும் வகுப்பில் பயன்படுத்துகிறேன். ஆனால் அடுத்த வரியையும் சொல்ல வேண்டும் அல்லவா? இரண்டு வாரம் ஏறிய விலை, ஓராண்டுக்குள் திரும்ப இறங்கிவிடுகிறது. தேடல் அளவு காட்டியது சிறு முதலீட்டாளர்களின் கவனத்தை. பேச்சு அடிபடுகிறது, பலர் தேடுகிறார்கள், சிலர் வாங்குகிறார்கள், விலை கொஞ்சம் உயர்கிறது, பேச்சு ஓய்ந்ததும் இறங்குகிறது.

உங்கள் தேடுபொறி என்ன செய்யும்? அதிகம் தேடப்படுகிறது என்பதையே காரணமாக வைத்துப் பச்சை அம்புக்குறி காட்டும். அதைப் பார்த்து வாங்குகிறவர் யார்? அந்தத் துறையைப் பற்றி ஏற்கெனவே அறிந்தவர் அல்ல. ஏதோ பொருள் வாங்க வந்த இடத்தில் பங்கையும் பார்த்தவர். மூன்று மாதம் வைத்திருக்கச் சொல்கிறீர்கள். ஏறுவது இரண்டு வாரத்தில், இறங்குவது அதற்குப் பிறகு. அவரை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.

மழைமுகில்

தாமதமாக வருகிறேன். இணையக் கடைகளின் தேடல் பதிவுகளைப் படிப்பதே என் தொழில். ‘தேடல் பெட்டியின் முன் யாரும் நடிப்பதில்லை’ என்று வடகாற்று எழுதியது உண்மைதான். ஆனால் நடிக்காதவர் எதற்காகத் தேடினார் என்பது பதிவில் எழுதியிருக்காது.

காற்றுச் சுத்திகரிப்புக் கருவி என்று ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் அதன் தேடல் இரட்டிப்பாகிறது. பதிவுகளைத் திறந்து பார்த்தால், புதிதாக வாங்க நினைப்பவர் ஒரு பகுதி. ஏற்கெனவே வாங்கியவர் வடிகட்டியை மாற்ற வேண்டியிருப்பதால் தேடுகிறார். இன்னொருவர் அது ஏன் சத்தம் போடுகிறது என்று தேடுகிறார். போட்டி நிறுவனத்தின் நிரல் விலையை ஒப்பிட மணிக்கு ஒரு முறை வந்து போகிறது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் உண்டு. அந்த விளம்பரத்துக்கு நிறுவனம் கொடுத்த பணம் அதன் லாபத்திலிருந்து போனது. வாங்கியவர்களிலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவும் வரைபடத்தில் ஒரே கோடாக மேலே ஏறும்.

2016இல் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7 கைபேசி நினைவிருக்கிறதா? மின்கலம் தீப்பிடித்ததால் செப்டம்பரில் திரும்பப் பெற்றார்கள், அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். அந்த நாட்களில் உலகம் முழுவதும் அந்தப் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தது. தேடல் அளவை மட்டும் படிக்கும் நிரலுக்கு அது மாபெரும் வெற்றிப் பொருளாகத் தெரியும்.

கூகுள் டிரெண்ட்ஸை நம்பிக் கட்டுவோருக்கு ஒரு வார்த்தை. அது காட்டும் 0 முதல் 100 வரையான எண் தேடல்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் மற்ற தேடல்களோடு ஒப்பிட உச்சமாக இருந்த நேரத்தை 100 என்று வைத்து, மற்றதை அதற்கு விகிதமாக்கித் தருகிறார்கள். அதுவும் மாதிரியிலிருந்து எடுத்தது. காலத்தை மாற்றினால் நேற்றைய 100 இன்று 60 ஆகிவிடலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: தேடுபொறி தானே தேடலை உண்டாக்குகிறது. கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ் 2008இல் வந்தபோது எவ்வளவு கொண்டாடினார்கள்! காய்ச்சல் தொடர்பான தேடல்களை எண்ணியே நோய்ப் பரவலை முன்கூட்டிச் சொல்லலாம் என்றார்கள். 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் எண்ணைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னது. 2015இல் பொதுவெளியிலிருந்து எடுத்தார்கள். தேடுபொறியின் வடிவமைப்பு மாறிக்கொண்டே இருந்ததும், நோய் தொடர்பான சொற்களை அதுவே பரிந்துரைக்கத் தொடங்கியதும் பிழைக்கான காரணங்களில் முக்கியமானவை என்று 2014இல் டேவிட் லேசரும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். உங்கள் பொறியும் ஒரு பொருளை முதல் வரிசையில் காட்டும், அதனால் அது அதிகம் தேடப்படும், அதையே ஆதாரமாக வைத்து அந்த நிறுவனத்தின் பங்கு ஏறும் என்று சொல்லும். தன் கையால் ஏற்றிய எண்ணைத் தானே படித்துக் கணிப்பது எந்த விதத்திலும் கணிப்பாகாது.

கணக்குப்பிள்ளை

மழைமுகில் சொன்னதோடு பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்க்க வேண்டும். செர்கே பிரினும் லாரி பேஜும் 1998இல் தங்கள் தேடுபொறியைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பிலேயே, விளம்பரப் பணத்தில் வாழும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று எச்சரித்திருக்கிறார்கள். 2002இல் அவர்கள் தொடங்கிய ஃப்ரூகிள் என்ற பொருள் தேடல் இலவசப் பட்டியலாக இருந்தது. 2012இல் அது பணம் கட்டியவர்களின் பட்டியலாக மாறியது. 2017இல், தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையைத் தேடலில் மேலே தூக்கி வைத்து மற்றவர்களைக் கீழே தள்ளியதற்காக ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் முடிந்து 2024இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது.

பொருள் பட்டியலின் வரிசையிலேயே இவ்வளவு என்றால், கணிப்பில் எவ்வளவு? ‘விலை ஏறப்போகிறது’ என்று சொன்னால் வாடிக்கையாளர் இன்று வாங்குவார், தேடுபொறிக்குக் கடையிலிருந்து கமிஷன் இன்று வரும். ‘பொறுத்திருங்கள்’ என்று சொன்னால் அவர் போய்விடுவார், திரும்ப வேறு வழியாக வரலாம். இரண்டு வாக்கியங்களில் ஒன்றுக்கு மட்டும் கூலி உண்டு.

மழைமுகில்

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், ஐயா. முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ‘விலை விரைவில் உயரலாம்’ என்ற வரியைச் சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் காட்டிச் சோதித்தார்கள். அந்த வரியால் எத்தனை பேர் கூடுதலாக வாங்கினார்கள் என்று நாள்தோறும் அறிக்கை வந்தது. விலை உண்மையில் உயர்ந்ததா என்று பார்க்கும் அறிக்கை ஒன்றுகூட இல்லை. நான் கேட்டேன். அது தங்கள் குழுவின் வேலை இல்லை என்றார்கள். அந்தப் பதில் இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை.

நெடுவழி

சட்டப் பக்கம் பற்றிச் சுருக்கமாக. கடைகளின் விற்பனைத் தரவும் பங்கு வியாபாரமும் ஒரே கூரையின் கீழ் வந்தால் ஆபத்து கற்பனை அல்ல. 2015இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் வழக்குத் தொடர்ந்த இருவர், ஒரு கடன் அட்டை நிறுவனத்தின் தரவு ஆய்வாளர்கள். அட்டைப் பரிவர்த்தனைகளைப் பார்த்து எந்தக் கடைத்தொடரின் விற்பனை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, முடிவுகள் வெளிவரும் முன் வியாபாரம் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. 2021இல் ஆப் ஆனி என்ற நிறுவனம் அதே ஆணையத்துக்கு ஒரு கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. செயலி நிறுவனங்களிடம் ‘உங்கள் எண்களைத் திரட்டி, யாருடையது என்று தெரியாமல்தான் பயன்படுத்துவோம்’ என்று சொல்லி வாங்கிய ரகசியத் தரவைக் கொண்டு, முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்கும் மதிப்பீடுகளைத் திருத்தியது என்பது அதன்மேல் இருந்த குற்றச்சாட்டு.

வடகாற்று, உங்கள் நண்பர்களிடம் ஒன்று கேளுங்கள். கடைகள் கொடுக்கும் தரவு கணிப்புப் பகுதிக்குப் போகுமா? பணம் கட்டும் முதலீட்டு நிதிகளுக்கு அந்தக் கணிப்பு பொதுமக்களுக்கு முன்பாகவே கிடைக்குமா? தேடியவர்களுக்கு இது தெரியுமா?

வடகாற்று

எல்லோருக்கும் நன்றி. பங்குப் பகுதியைப் பற்றி நீங்கள் சொன்னவை வலுவானவை. நெடுவழியின் மூன்று கேள்விகளையும் அப்படியே அனுப்பிவிட்டேன். முதலாவதுக்குத் ‘தேவைப்பட்டால்’ என்றும், இரண்டாவதுக்கு ‘வருவாய்க்கு அது ஒரு வழி’ என்றும் பதில் வந்தது. மூன்றாவதுக்குப் பதில் இல்லை.

ஆனாலும் இணைய விலைகளைத் திரட்டுவதில் பயனே இல்லை என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. அர்ஜென்டினாவைப் பாருங்கள். அரசு வெளியிட்ட பணவீக்க எண்ணை அங்கே யாரும் நம்பாத காலத்தில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆல்பெர்ட்டோ கவாலோவும் ரோபெர்ட்டோ ரிகோபோனும் கடைகளின் இணையப் பக்கங்களிலிருந்து நாள்தோறும் விலைகளைத் திரட்டினார்கள். அரசு ஆண்டுக்கு 8 சதவீத அளவில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர்கள் எண் 20 சதவீத அளவில் இருந்தது.

செந்தூரம்

அருமையான எடுத்துக்காட்டு. அவர்கள் நாளை என்ன ஆகும் என்று சொல்லவில்லை. இன்று என்ன விலை என்று ஒழுங்காக எண்ணினார்கள். நீங்கள் முதலில் குறிப்பிட்ட வேரியனின் ஆய்வும் அப்படித்தான். நிகழ்காலத்தைக் கணிப்பது என்பதே அதன் தலைப்பு. அதிகாரபூர்வ எண் வர நாளாகிறது, அதற்குள் இப்போதைய நிலையை மதிப்பிடுவோம் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. தேடலும் இணைய விலையும் அந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவை.

எதிர்காலப் பொருள் விலையைச் சொல்லியே தீருவோம் என்றால், மதிப்பெண் போடுங்கள். வானிலைக் கணிப்புக்காக கிளென் பிரையர் 1950இல் தந்த முறை இன்றும் போதும். விலை இறங்க 70 சதவீத வாய்ப்பு என்கிறீர்கள். இறங்கிவிட்டால் விலகல் 0.3, அதன் வர்க்கம் 0.09. இறங்கவில்லை என்றால் விலகல் 0.7, வர்க்கம் 0.49. எல்லாக் கணிப்புகளுக்கும் இதன் சராசரியைப் பக்கத்தின் உச்சியில் போடுங்கள். எதற்கும் ‘பாதிக்குப் பாதி’ என்று சொல்பவருக்கே 0.25 வரும். உங்கள் சராசரி அதைவிடக் குறையவில்லை என்றால் அந்த அம்புக்குறியால் யாருக்கும் பயனில்லை, எடுத்துவிடுங்கள்.

இளவேனில்

அக்கா, பலிக்காத கணிப்புகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் சராசரி நன்றாகத்தானே தெரியும்?

செந்தூரம்

சரியான கேள்வி. அதற்காகத்தான் கணிப்பு வெளியான நேரத்திலேயே எண் போட்டு, யாரும் பதிவிறக்கிக்கொள்ளும்படி வைக்க வேண்டும் என்கிறேன். நேற்றைய கோப்பு நான்கு பேரிடம் இருந்தால் இன்று நீக்க முடியாது.

வடகாற்று

பங்குக் கணிப்பை நீக்கினால்தான் வருவேன் என்று எழுதிவிட்டேன். கடைகளின் தரவை வெளியாருக்கு விற்பதில்லை என்பதையும் ஒப்பந்தத்தில் கேட்டிருக்கிறேன். அவர்கள் மறுத்தால், விலைப் பதிவையும் மதிப்பெண் முறையையும் மட்டும் தனியாகத் திறந்த நிரலாக எழுதலாம் என்று மழைமுகிலும் நானும் பேசியிருக்கிறோம்.

பதிவேட்டுக்கு இப்போதைக்கு நான் நினைத்திருக்கும் பத்திகள்: கணிப்பு எண், வெளியான நாளும் நேரமும், பொருள், கடை, அன்றைய விலை, இறங்கும் வாய்ப்பு, சரிபார்க்கும் நாள், அன்று இருந்த விலை, பிரையர் மதிப்பெண். விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்.

மழைமுகில்

அனுப்பும் கட்டணம் சேர்த்த விலையா, சேர்க்காததா என்று ஒரு பத்தி போடுங்கள். பல கடைகள் பொருளின் விலையைக் குறைத்துக் கட்டணத்தில் ஏற்றிவிடும். உங்கள் கணிப்பு பலித்ததாகப் பதிவாகும், வாங்கியவர் அதே தொகையைத்தான் கட்டியிருப்பார். கையிருப்பு இருந்ததா என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். வாங்கவே முடியாத பொருளின் விலை இறங்கியதை வெற்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.